பார்க்க என்ன கட்டணம்?

காசைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ளுங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியும், ஒரு பொருளை வாங்க முடியாமல் திரும்பியவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். சாவிக்காரர் அவர்களில் ஒருவர். அவர் வாங்கப் போனது அவருடைய அம்மாவின் முகத்தை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் நிற்க மட்டுமே இடம் உள்ள கடையில் அவர் மறுசாவி போட்டுக் கொடுக்கிறார். அவருக்கு ஒரு வயது நடக்கும்போதே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா இருந்தார், இருந்தார் என்பதோடு சரி. சோறு ஊட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதெல்லாம் அக்கா. அந்த அக்கா பிறகு பேருந்து நிலைய டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தவள். மில்லின் ஆண்டு விழாவுக்குப் பெண் தொழிலாளிகளையெல்லாம் வாசலில் வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். அதைத் தவிர அவள் முகம் வேறெங்கும் பதியவில்லை. மில்லை மூடியபோது அதன் ஆபீஸ் சுவரில் இருந்த படங்களெல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அக்காவின் பழைய சிநேகிதி ஒருத்திதான் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அந்தப் படம் இருப்பதைப் பார்த்துச் சொன்னாள்.

இருந்தது. தபால்தலை அளவில் இருந்தது. நான்கு வரிசைப் பெண்கள் மிளகு கொட்டினாற்போல் தெரிந்தார்கள். மிளகின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அருங்காட்சியகத்தின் முத்திரை ஓடியது.

அக்கா கைபேசியை மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு தள்ளிப் பிடித்தாள். "இதுல நம்ம மிளகு எதுடா?" என்று கேட்டாள்.

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் கண் டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார், அவளுக்குப் பார்வை தேய்ந்துகொண்டே வருகிறது, மருந்தெல்லாம் கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது, பார்க்க வேண்டியது ஏதாவது இருந்தால் சீக்கிரம் பார்த்துவிடச் சொல்லுங்கள் என்று. அந்தக் கூட்டத்தில் அம்மா யார் என்று சொல்லக்கூடிய கண்கள் உலகத்தில் இரண்டே இரண்டுதான் மிச்சம். சாவிக்காரருக்கு அம்மாவின் முகம் எள்ளளவும் நினைவில்லை. அக்காவின் கண் அணைந்துவிட்டால், படம் கிடைத்தும் அவருக்கு அம்மா கிடைக்கமாட்டாள். அதனால் மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனார்.

அருங்காட்சியகத்தில் படங்கள் வைத்திருக்கும் அறை ஒன்று. படங்களுக்குக் கட்டணம் போடும் பிரிவுக்கு மூன்று அறை. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத சோபா. கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள்.

"என்ன பயன்பாடு சார்?"

"பார்க்கத்தாம்மா."

அவள் கணினியில் மேலிருந்து கீழாகத் தேடினாள். பிறகு கீழிருந்து மேலாகத் தேடினாள். "புத்தக அட்டை இருக்கு. நாட்காட்டி இருக்கு. காபிக் கோப்பை, டீ-ஷர்ட், சினிமா, விளம்பரப் பலகை, துணிக்கடைப் பையில அச்சடிக்கிறது, எல்லாம் இருக்கு. பார்க்கிறதுன்னு ஒண்ணும் இல்லையே சார்."

"பார்க்காம எப்படிம்மா கோப்பையில அச்சடிப்பாங்க?"

"அது அவங்க பாடு சார். நீங்க பார்த்துட்டு என்ன பண்ணுவீங்க?"

சாவிக்காரர் யோசித்தார். "பார்த்துக்கிட்டே இருப்போம்."

"திரும்பத் திரும்பவா?"

"ஆமா."

"அப்ப தொடர் பயன்பாடு" என்று சொல்லி அவள் தட்டச்சு செய்தாள். தொடர் பயன்பாட்டுக்குப் பக்கத்தில் தானாகவே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது அதிகாரி பார்க்க வேண்டிய விஷயம் என்று அர்த்தமாம்.

"அசல் படம் உள்ளதானேம்மா இருக்கு? எங்கக்காவைக் கூட்டிட்டு வரேன். ஒரே ஒரு தடவை காட்டிடுங்க. நகலே வேண்டாம்."

"அசலை யாரும் பார்க்கக் கூடாதுன்னுதான் சார் டிஜிட்டல் பண்ணினோம்."

"அப்ப அந்த டிஜிட்டலைப் பார்க்கலாம் இல்லையா?"

"அதை யாரும் சும்மா பார்த்துடக் கூடாதுன்னுதான் சார் இந்தப் பிரிவே இருக்கு."

இதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் மரியாதை குறையவில்லை.

கட்டண அதிகாரியைப் பார்க்க அடுத்த வாரம் நேரம் கிடைத்தது. அவர் அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஓர் அட்டவணை தொங்கியது. அவரே தயாரித்தது. பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர் போல அதைப் பற்றிப் பேசினார்.

"படத்தோட அகலம், உயரம், எத்தனை நாள் வச்சிருப்பீங்க, எத்தனை பேர் பார்ப்பாங்க, உட்கார்ந்து பார்ப்பாங்களா நின்னு பார்ப்பாங்களா, எல்லாத்துக்கும் தனித்தனி விகிதம் இருக்கு. கூடத்துல மாட்டினா ஒண்ணு, படுக்கையறையில மாட்டினா ஒண்ணு. கூடத்துக்கு வெளியாள் வருவாங்க இல்லையா? உலகத்துல வேற எந்த அருங்காட்சியகத்துலயும் இவ்வளவு நுணுக்கமா கிடையாது."

"வேற எடத்துல எப்படிங்க?"

"சில இடத்துல சும்மாவே குடுத்துடறாங்க" என்று அவர் குரலைத் தாழ்த்தினார், வீட்டுப் பெண்கள் காதில் விழக்கூடாத செய்தியைச் சொல்வதுபோல.

சாவிக்காரர் விஷயத்துக்கு வந்தார். தனக்கு வேண்டியது ஒரே ஒரு முகம், அம்மாவின் முகம் என்றார். அதிகாரிக்கு மகிழ்ச்சி பொங்கியது. ஒரு படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் கேட்பது தனி இனம். அதற்கு அட்டவணையின் கீழ்மூலையில் ஓர் அழகான சூத்திரம் இருந்தது. அதை இதுவரை யாருமே பயன்படுத்தியதில்லை.

"முழுப்படத்தைவிட ஒரு முகத்துக்குக் கட்டணம் ஜாஸ்தி. மத்த முகத்தையெல்லாம் நாங்க நீக்கணும் இல்லையா? நீக்கின முகத்துக்கெல்லாம் பாதி விகிதம்."

"முழுப்படமாவே குடுத்துடுங்க. வீட்டுல போய் நானே வெட்டிக்கிறேன்."

"மொத்தமா வாங்கினா நீங்க வியாபாரி. வியாபாரின்னா உரிமம் வேணும். என்ன தொழில்?"

"மறுசாவி போடறேன்."

"அந்த உரிமத்துல படம் வராதே" என்று அதிகாரி நிஜமாகவே வருந்தினார். பிறகு தொழில்ரீதியான ஆர்வத்தில் கேட்டார்: "ஒரு சாவிக்கு எப்படி விலை போடுவீங்க?"

"சாவிக்கு இவ்வளவுன்னுதான்."

"குடிசைக் கதவுக்கும் அதே விலை, நகைக்கடைக்கும் அதே விலையா?"

"சாவி ஒரே மாதிரி பித்தளைதானேங்க?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "இப்படியே எத்தனை வருஷம் நஷ்டப்பட்டிருக்கீங்க! கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கேட்டு விலை வைக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீங்கன்னு கேட்கணும். நான் வேணா ஒரு அட்டவணை போட்டுத் தரவா?"

சாவிக்காரர் வேண்டாம் என்றார். அம்மா முகத்துக்கு என்ன விலை என்று மறுபடி கேட்டார். எவ்வளவானாலும் கொடுக்கிறேன், ஸ்கூட்டர் இருக்கிறது, அதை விற்றாவது கொடுக்கிறேன் என்றார்.

"எந்த வரிசை, எத்தனையாவது முகம்?"

"அது தெரியாதுங்க. எங்கக்கா பார்த்தாத்தான் சொல்லுவாங்க."

"முகத்தைச் சொன்னாத்தான் விலை சொல்ல முடியும்."

"படத்தைக் காட்டினாத்தான் முகத்தைச் சொல்ல முடியும்."

"விலை குடுத்தாத்தான் படத்தைக் காட்ட முடியும்."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற கதையாகிவிட்டது. கடைசியில் அதிகாரியே ஒரு வழி சொன்னார். "உங்கம்மாவோட வேற படம் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. நாங்களே ஒப்பிட்டுப் பார்த்து எந்த முகம்னு கண்டுபிடிச்சிடறோம். ஒப்பீட்டுக் கட்டணம் ரொம்பக் குறைவுதான்."

"வேற படம் இருந்தா நான் ஏங்க இங்க வரேன்?"

"அதுவும் நியாயம்தான்" என்று அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா சிரித்துத் தீர்த்தாள். "நான் வேலை பார்த்த கவுண்டர்ல பெரியவங்களுக்கு முழு டிக்கெட், சின்னப் பசங்களுக்கு அரை டிக்கெட். அதுக்கே தினம் சண்டை வரும். இவங்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தா தனி, தூங்கிட்டு வந்தா தனின்னு வாங்குவாங்க போல இருக்கே!" சிரித்து முடித்துத் தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டினாள். குவளைக்கு ஒரு விரல் தள்ளிக் காற்றைப் பிடித்தாள். சாவிக்காரர் குவளையை நகர்த்தி அவள் கையில் வைத்தார்.

அடுத்த முறை அவர் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். படம் வேண்டாம், நகல் வேண்டாம், உங்கள் கணினித் திரையிலேயே அக்கா ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டார். கட்டண அதிகாரி இதையும் நல்ல மனத்தோடுதான் கேட்டுக்கொண்டார்.

"பார்த்துட்டு எழுந்து போறப்ப அம்மா முகம் அவங்க மனசுல இருக்குமா இருக்காதா?"

"இருக்கும்."

"அது நகல்தானே?"

அக்கா சொன்னாள், "அது முன்னாடியே என் மனசுல இருக்குதுப்பா. நீங்க அட்டவணை எழுதறதுக்கு முன்னாடியே இருக்கு."

அதிகாரி அதிர்ந்துபோனார். அருங்காட்சியகத்தின் உடைமையான ஒரு படத்தில் உள்ள முகம், அனுமதி இல்லாமல் ஒருத்தியின் மனத்தில் பல வருடங்களாக இருந்துவருகிறது! அவர் அக்காவைக் குற்றம் சாட்டவில்லை. அறியாமல் நடந்தது என்று பெருந்தன்மையாகவே ஏற்றுக்கொண்டார். ஆனாலும் இது கொள்கை சார்ந்த விஷயம். நினைவில் வைத்துக்கொள்வதற்குக் கட்டணம் உண்டா, உண்டென்றால் மறந்துபோனால் பணம் திருப்பித் தரப்படுமா என்பதை ஆராய ஒரு குழு போட வேண்டும் என்றார். குழு போட்டார்கள். குழு உட்கார அறை இல்லாததால், படங்கள் வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

குழு ஆராய்ந்துகொண்டே இருந்தது. அக்கா முதலில் செய்தித்தாளின் சின்ன எழுத்தை விட்டாள். பிறகு தலைப்பை விட்டாள். தெருவில் எதிரே வருகிறவர்களை நடையை வைத்து அடையாளம் சொன்னாள். சாவிக்காரர் வாரத்துக்கு ஒருமுறை சோபாவில் போய் உட்கார்ந்து எழுந்து வந்தார்.

இதற்கிடையில் அருங்காட்சியகம் "திறந்த கதவு நாள்" கொண்டாடியது. அன்றைக்கு உள்ளே போகச் சீட்டு வேண்டும். இயக்குநரிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று சாவிக்காரர் சீட்டு வாங்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். இயக்குநர் நல்ல பேச்சாளர்.

"நண்பர்களே, இங்கே இருக்கும் படங்கள் எங்களுடையவை அல்ல. உங்களுடையவை! உங்கள் பாட்டனும் முப்பாட்டனும் தந்தவை! மக்கள் சொத்து என்பதால்தான் அதை மக்களுக்கே விற்கிறோம். வேறு யாருக்காவது விற்றால் அது துரோகம் அல்லவா?" கைதட்டல். "கட்டணம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு படத்தைச் சும்மா கொடுத்தால் என்ன ஆகும்? எல்லாரும் பார்ப்பார்கள். எல்லாரும் பார்த்த படத்தை அப்புறம் யார் பார்க்க வருவார்கள்? அபூர்வம் என்பது தானாக வருவதல்ல நண்பர்களே, நாம்தான் பாடுபட்டு உண்டாக்க வேண்டும்!" மறுபடி கைதட்டல். "சென்ற ஆண்டு படக் கட்டணப் பிரிவு ஈட்டிய வருமானம், அந்தப் பிரிவின் சம்பளத்தில் பாதியை எட்டிவிட்டது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். மீதிப் பாதியையும் எட்டுவதற்காக அங்கே இன்னும் நான்கு பேரை நியமிக்கிறோம்!"

சாவிக்காரர் எழுந்து நின்றார். "ஐயா, எங்கம்மா படம் உங்ககிட்ட இருக்கு. எங்கக்காவுக்குக் கண் போயிட்டிருக்கு. கண் இருக்கும்போதே ஒரு தடவை..."

"அருமையான கேள்வி" என்றார் இயக்குநர். "அடுத்த கேள்வி?"

வீட்டில் இதைக் கேட்டு அக்கா, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றாள். ஆனால் இந்த முறை சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "சாயங்காலம் ஆயிடுச்சா? விளக்கைப் போடேன்" என்றாள். அப்போது மதியம். ஜன்னல் திறந்திருந்தது. சாவிக்காரர் எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

பார்வை முழுவதும் போய்விட்டது என்று டாக்டர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். இனிமேல் ஆராய்ந்து பயனில்லை, குழுவைக் கலைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் சாவிக்காரர் போனார். உள்ளுக்குள் எரிந்தது. ஒரு வார்த்தையாவது சுருக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். கவுண்டர்ப் பெண் சான்றிதழைப் படித்ததும் முகம் மலர்ந்தாள்.

"சார், நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே! முழுசா பார்வை இல்லாதவங்களுக்கு எல்லாப் படமும் இலவசம் சார். முழுப்படம், பெரிய அளவு, முத்திரை கிடையாது!"

கட்டண அதிகாரி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துக்கள்! பார்க்கிறதுக்குத்தான் சார் கட்டணம். பார்க்கலன்னா கட்டணமே இல்ல. இந்தத் திட்டத்துல நீங்கதான் முதல் பயனாளி!" அவர் கண்கள் கலங்கியிருந்தன. சந்தோஷப்படுகிற மனிதரை எப்படித் திட்டுவது என்று சாவிக்காரருக்குத் தெரியவில்லை.

இதை விழாவாகவே நடத்தினார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். இயக்குநர் தன் கையாலேயே படத்தை அக்காவுக்கு வழங்கினார். கதவு அகலத்துக்குச் சட்டம் போட்டு, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். புகைப்படக்காரர், "அம்மா, கொஞ்சம் படத்தைப் பார்க்கிற மாதிரி முகத்தை வைங்க" என்றார்.

"எந்தப் பக்கம்ப்பா படம்?" என்று அக்கா கேட்டாள். இயக்குநர் அன்போடு அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று அக்கா உரக்கச் சொன்னாள். அவள் நன்றி சொல்கிறாள் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

விழா முடிந்ததும் சாவிக்காரரிடம் கையெழுத்து வாங்கினார்கள். படம் பார்வையற்ற பயனாளிக்கு மட்டுமே உரியது, பார்வை உள்ள எவரும் அதைப் பார்ப்பது குற்றம் என்று எழுதியிருந்தது. கவுண்டர்ப் பெண் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். இன்று எடுத்த விழாப் படத்தின் நகல் வேண்டுமானால் என்ன பயன்பாடு என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள் என்றாள்.

படத்தை ஆட்டோவில் நுழைக்க முடியவில்லை. சாவிக்காரர் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

வீட்டில் சுவரில் சாய்த்து வைத்தார். சட்டப்படி அவர் திரும்பி நின்றிருக்க வேண்டும். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். மிளகெல்லாம் முகங்களாகியிருந்தன. எல்லாம் துல்லியமாக, ஒவ்வொரு புருவமும் தெரியும்படி இருந்தன. இவ்வளவு தெளிவாக ஒரு கூட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. இதில் ஒருத்தி தன்னைப் பெற்றவள், யார் என்றுதான் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்தா எப்படி? சொல்லுடா" என்றாள் அக்கா. "முன்வரிசையிலேர்ந்து ஒவ்வொருத்தியா சொல்லு."

அவர் சொன்னார். மில்லில் படத்துக்காக எல்லாருக்கும் ஒரே மாதிரி மேலங்கி கொடுத்திருந்தார்கள். எல்லாரும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மெலிந்தவள், ஒருத்தி அகலமானவள், ஒருத்திக்கு நெற்றி ஏறியிருக்கிறது. அக்கா ஒவ்வொருத்திக்கும் தலையை ஆட்டினாள். அவள் நெற்றி சுருங்கியது. நடுநடுவே, "கண்ணு எப்படி இருக்கு? சின்னதா பெருசா?" என்று கேட்டாள். அவர், "சாதாரணமா இருக்குக்கா" என்றார். கண் எப்படி இருக்கிறது என்று இன்னொருவருக்கு வாயால் சொல்ல முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் வரிசையின் ஓரத்தில் ஒருத்தி நின்றாள். மற்றவர்கள் கையைக் கட்டியிருக்க, இவள் மட்டும் பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணின் தோளில் கை போட்டிருந்தாள். முகத்தில் லேசான களைப்பு. வீட்டுக்குப் போகச் சொன்னால் போதும் என்று காத்திருப்பவள் மாதிரி இருந்தாள். சாவிக்காரர் அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர், சொல்லிக்கொண்டே இருந்தார். காதோரம் முடி கலைந்திருப்பதைச் சொன்னார். மேலங்கியின் ஒரு பொத்தான் மாறிப்போட்டிருப்பதைச் சொன்னார்.

அக்கா அவர் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவதான்" என்றாள்.

"நிஜமாவாக்கா?"

"நான்தானே பார்த்தவ? அவதான். பொத்தானை எப்பவும் மாத்தித்தான் போடுவா."

கொஞ்சம் அவசரமாகவே சொன்னாள். அவள் பொய் சொன்னால் காதைத் தொட்டுக்கொள்வாள் என்பது சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். இப்போதும் தொட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"மூக்கைப் பாரு" என்றாள். "அப்படியே உன் மூக்குதானே?"

சாவிக்காரர் பார்த்தார். அந்தப் பெண்ணின் மூக்கு சிறியது, நுனி சற்றே மேல்நோக்கியது. அவர் மூக்கோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"ஆமாக்கா" என்றார். "அப்படியே என் மூக்கு."